மெழுகு சுடாத கை

ஜொகூர்
11 மே 2025

நட்டாலி,

கிழித்துப் போடுவதற்கு முன்னால் இந்தப் பக்கம் முழுவதையும் படி. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அதை முந்திய கடிதங்களில் கேட்டாகிவிட்டது. நீ பதில் போடவில்லை. இது வேறு விஷயம். எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடு.

சிரிக்காதே. என்னைப் பினாங்கிலிருந்து இந்தச் சிறைக்கு மாற்றிய பிறகு இங்குள்ள பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். இருபத்தாறு வயதில் வருடக் கடைசியில் எஸ்பிஎம் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதப் போகிறேன். ஒரு கைகலப்பில் போன் பேசும் உரிமையைப் பறித்துவிட்டார்கள். அம்மாவால் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர முடியாது. மிச்சம் இருப்பது இந்தத் தாள்தான்.

சுலைமான் வாத்தியார் வாரம் ஒருமுறை வருகிறார். நல்ல மனிதர். ஆனால் மலாயில் ரயில் வேகத்தில் போகிறார். போன வகுப்பில், "இரண்டு அணுக்கள் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொண்டால் அது பிணைப்பு" என்றார். "சார், பங்கு சரிசமமா?" என்று கேட்டேன். பின்னால் இருந்து ஒருவன், "நம்ம கேஸ்ல பங்கு போட்ட மாதிரிதான்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மணி அடித்துவிட்டது. பதில் கிடைக்கவில்லை.

நீ இந்தப் பாடத்தில் ஏ பிளஸ் வாங்கியவள். அதை வைத்துக்கொண்டு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் கண்ணாடி துடைக்கிறாய். யாரால் என்று எனக்குத் தெரியும். என்னைத் திட்டியாவது எழுது. நடுநடுவே பாடமும் இருக்கட்டும்.

ஜெரமி


சுங்கை பினாங்
1 ஜூன் 2025

அண்ணே,

கிழித்தேன். பாதிதான். மீதியை அம்மா பிடுங்கி, டேப் ஒட்டி, மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். "ஒன் அண்ணன் படிக்கிறான் லா. நீ எழுதலன்னா நான் மூணாவது மாடியிலேருந்து குதிச்சிருவேன்" என்றார். நாம் இருப்பதே முதல் மாடி.

முதலில் திட்டு. அரசாங்க மெட்ரிகுலேஷன் கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்காதது உன்னால் இல்லை; நம் இனத்துக்கு அங்கே எத்தனை இடம் என்று நம் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் நான் தனியார் கல்லூரியில் சேர இருந்த வாரத்தில், டத்தோ கிராமாட் காப்பிக் கடையில் போத்தலை உடைத்து ஒருவன் கண்ணைக் கெடுத்தது நீதான். வீட்டுக்குச் சம்பாதித்துப் போட நீ நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். நீ வெளியே வரும் நாளில் கேட் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். கட்டிப்பிடிக்க இல்லை. அறைவதற்கு.

இப்போது பாடம். பங்கு சரிசமமா என்று கேட்டாயே, எப்போதும் அப்படி இல்லை. ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் பங்கு போட்டால் சமம். இருவருக்கும் ஒரே பலம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பங்கு போட்டால், ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பெயருக்குத்தான் பொது. எலக்ட்ரான் பெரும்பாலும் ஆக்சிஜன் வீட்டில்தான் கிடக்கும். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் பிளஸ். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று எங்களை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்ட் ஏஜென்ட் சொல்கிறானே, அந்த மாதிரிப் பங்கு.

அடுத்தது உருவம். கார்பன் டை ஆக்சைடில் கார்பன் நடுவில், ஆக்சிஜன் இரண்டு பக்கமும், நேர்கோட்டில். இருவரும் எதிரெதிராக ஒரே பலத்தில் இழுப்பதால் மொத்தத்தில் எங்கும் சாயவில்லை. தண்ணீர் நேர்கோடு இல்லை. மடக்கிய முழங்கை மாதிரி வளைந்தது. அங்கே இழுப்பு ஈடாகாது. ஒரு பக்கம் மைனஸ், ஒரு பக்கம் பிளஸ் என்று நின்றுவிடும். அதுதான் போலார். ஒரு தண்ணீரின் பிளஸ் பக்கம் அடுத்த தண்ணீரின் மைனஸ் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தண்ணீர் சீக்கிரம் காயாது.

எங்கள் ஃபேக்டரி லைனிலேயே உதாரணம் இருக்கிறது. கேமரா கண்ணாடியை முன்பு ஆல்கஹாலால் துடைத்தோம். அதன் நுனியில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு மெதுவாகக் காயும். பிப்ரவரியில் அதை எடுத்துவிட்டு ஹெக்ஸேன் கொடுத்தார்கள். வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பலம், எந்தப் பக்கமும் சாய்வில்லை. சாது. யாரையும் பிடிக்காது. துடைத்த கையோடு பறந்துவிடும். பக்கத்து இருக்கை துளசி அக்கா, "இது மருந்தா லா, மாயமா லா? வெச்சேன், காணோம்!" என்பார். லைனில் எல்லோருக்கும் அது "மருந்து"தான்.

தூசி நுழையக் கூடாதென்று எல்லாத் துவாரத்தையும் அடைத்த ஏர்கோன் அறை. கையுறை போட்டால் கண்ணாடியில் கோடு விழுகிறது என்று சூப்பர்வைசர் நாதன் கழற்றச் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்கு மேல் தலை லேசாகி, காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. உனக்கு எழுதும் அளவுக்கு என் மனம் இளகியது அதனாலோ என்னவோ.

நட்டாலி


ஜொகூர்
22 ஜூன் 2025

நட்டாலி,

வாத்தியார் போர்டில் தண்ணீரை நேர்கோடாக வரைந்தார். "சார், முழங்கை" என்றேன். திரும்பிப் பார்த்தார். அழித்துவிட்டு வளைத்து வரைந்தார். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "என் தங்கச்சி. ஃபேக்டரியில் கண்ணாடி துடைக்கிறாள்" என்றேன்.

எண்ணெய் ஏன் தண்ணீரில் கலப்பதில்லை என்று இப்போது புரிகிறது. தண்ணீர் தன் ஆட்களையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. சாய்வில்லாத எண்ணெய்க்கு அங்கே இடம் இல்லை. இங்கேயும் சாப்பாட்டு வரிசையில் அப்படித்தான்.

ஒரு சந்தேகம். தண்ணீர் சேர்க்காதவர்கள் எங்கே போவார்கள்? மெழுகு எதில் கரையும்?

நீ கொடுக்கப்போகும் அறையை எதிர்பார்க்கிறேன். மார்ச்சில் விடுவார்கள். நன்றாகச் சாப்பிட்டுத் தெம்போடு வா.

ஜெரமி


சுங்கை பினாங்
3 ஆகஸ்ட் 2025

அண்ணே,

மெழுகு எதில் கரையும் என்று கேட்டாய். எழுத உட்காரும் முன்பே பதில் கிடைத்துவிட்டது.

அன்னம்மாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போனோம். வழக்கம்போல நெரிசல். பவனியில் அம்மா எனக்கு ஒரு தடித்த மெழுகுவர்த்தியைக் கொடுத்தார், கீழே அட்டை இல்லாமல். உனக்காக நேர்ச்சையாம், மெழுகு கையில் விழ வேண்டுமாம். நீ குத்தினாய், சூடு எனக்கு. சரி என்று பிடித்தேன். வழியெல்லாம் பாட்டு, புகை, கூட்டம். நான் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன்.

"ஏய் நட்டாலி, சுடலையா?" என்றார் அம்மா.

"எது?"

"கைய பாரு லா!"

பார்த்தேன். மெழுகு விரல் இடுக்கில் ஓடி, உறைந்து, அதன் மேல் இன்னும் இரண்டு அடுக்கு ஓடியிருந்தது. மேலே இருந்தது அப்போதுதான் ஊற்றியது போல் பளபளத்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல் இருந்தது.

அம்மா அங்கேயே மண்டியிட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள் தடுக்கி, திட்டி, பிறகு விஷயம் கேட்டு அவர்களும் சிலுவை போட்டார்கள். ஒரு அம்மா என் கையைத் தொட்டு முத்தமிட்டார். நான் சிரித்தேன். அண்ணே, எனக்கு நம்பிக்கை குறைவு என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில், இத்தனை காலம் கேட்டும் கொடுக்காத சாமி இன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்த்ததோ என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து மெழுகை உரித்தால் கீழே தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. அதற்கும் வலி இல்லை.

அம்மாவின் சேலையெல்லாம் மெழுகு. லைனிலிருந்து ஒரு சின்னப் போத்தலில் மருந்து கொண்டுவந்து துடைத்தேன். பால் மாதிரி கரைந்து போய்விட்டது. சாய்வில்லாதது சாய்வில்லாததில் கரையும். உன் சந்தேகத்துக்குப் பதில் அவ்வளவுதான்.

துளசி அக்காவைப் பற்றி ஒரு சிரிப்பு. கேன்டீனுக்குப் போகும்போது அவர் செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்கும். அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். "அக்கா, செருப்பு!" என்று கத்தினால் குனிந்து காலைப் பார்ப்பார். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

நட்டாலி


சுங்கை பினாங்
14 செப்டம்பர் 2025

அண்ணே,

ஏன் பதில் இல்லை? மறுபடி கைகலப்பா? சொல்லிக் கொடுத்தது போதும் என்று நினைத்துவிட்டாயா?

மெழுகு சுடாததை அம்மா ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லிவிட்டார். இப்போது வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். மேல்வீட்டு கிறிஸ்டல் ஒருநாள் வந்து என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். பதினெட்டு வயது. "அக்கா, ஒங்க லைன்ல ஆளு எடுக்குறாங்களா?" என்று கேட்டாள். நாதனிடம் சொன்னேன். மறுநாளே சேர்த்துக்கொண்டார்கள், துளசி அக்காவின் இருக்கையில். அக்காவை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடியைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு இடம் மாற்றம். நீல டிரம்மிலிருந்து சின்னச் சின்ன டப்பாக்களில் மருந்தைப் பிடித்துக் கொடுக்கும் வேலை. "நீ படிச்ச புள்ள, சிந்தாம ஊத்துவ" என்றார் நாதன். சிந்தத்தான் செய்கிறது. டப்பா நிறைந்தது கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. கைக்குக் கனம் தெரிவதில்லை.

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். பேனாவைச் சரியாகப் பிடித்திருக்கிறேனா என்று அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. களைப்பு.

நட்டாலி


ஜொகூர்
5 அக்டோபர் 2025

நட்டாலி,

இதை இரண்டாவது முறை எழுதுகிறேன். முதல் கடிதத்தை ஆகஸ்டிலேயே எழுதினேன். தடுத்துவிட்டார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி ஒருவர்தான். அவர் விடுப்பில் இருந்தார். இருந்த அதிகாரி ஹாஃபிஸ் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார். நான் வரைந்திருந்த C, H எழுத்துகள், கோடுகள், அம்புக்குறிகள். என்னைக் கூப்பிட்டார்.

"இது எந்த கேங்கின் சங்கேதம்?"

"சார், கெமிஸ்ட்ரி."

"தங்கச்சிக்கு எதற்கடா கெமிஸ்ட்ரி?"

வாத்தியார் வந்து இது பாடம்தான் என்று எழுதிக் கொடுத்த பிறகும் தாளைத் திருப்பித் தரவில்லை. நம் ஆள் கோடு கிழித்தாலே அது கேங்தான். இந்த முறை படம் இல்லை, எழுத்துக்குறி இல்லை. வெறும் வார்த்தை.

வேலையை விடு. இன்றைக்கே விடு.

அந்த மருந்தைச் சாது என்று எழுதினாய். நானும் நம்பினேன். ஆனால் தண்ணீர் சேர்க்காதவன் எங்கே போவான் என்று நான்தானே கேட்டேன்? கொழுப்பிடம் போவான். உன் தோல் தண்ணீரைத் தடுக்கும், அதைத் தடுக்காது. மூச்சில் போவதும் அப்படித்தான், ரத்தத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். நரம்பைச் சுற்றி இருக்கும் உறையே கொழுப்புதான்.

நீ மெழுகைப் பற்றி எழுதியதை வாத்தியாரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வாரம் எங்கெங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். உள்ளே போனது அப்படியே இருப்பதில்லை. அதை வெளியே தள்ள ஈரல் ஆக்சிஜனை ஏற்றுகிறது. நீ சொன்ன அதே ஆக்சிஜன், இழுக்கிற ஆள். இரண்டு இடத்தில் ஏறியதும் சாது சாதுவாக இல்லை. நரம்புக்குள் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, விடுவதில்லை. நீளமான நரம்புதான் முதலில் அடிபடும். கால் விரல். பிறகு கை விரல். பிறகு மேலே.

துளசி அக்காவின் செருப்பைப் பார்த்துச் சிரிக்காதே.

அந்த மெழுகு சூடாகத்தான் இருந்தது. அன்னம்மாள் ஒன்றும் செய்யவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் சொல். டாக்டரிடம் போ. டிரம்மில் ஒட்டியிருக்கும் பெயரைப் படம் எடுத்துக்கொண்டு போ.

ஜெரமி


சுங்கை பினாங்
26 அக்டோபர் 2025

அண்ணே,

முதலில் ஆத்திரம் வந்தது. சிறைக்குள் உட்கார்ந்துகொண்டு வேலையை விடு என்று எழுதுகிறாயே, விட்டால் இந்த வீட்டில் அடுப்பை யார் எரிய வைப்பது என்று. பிறகு அம்மாவின் சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கால் விரலில் குத்தினேன். இன்னும் குத்தவில்லை என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால் ரத்தம்.

நானே எழுதிக் கொடுத்த பாடம், அண்ணே. உனக்குச் சொன்னேன், எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

நாதனிடம் போனேன். காற்றுத் துவாரத்தைத் திறக்க வேண்டும், கையுறை வேண்டும், பழைய ஆல்கஹாலே போதும் என்றேன்.

"என்ன புள்ள, கெமிஸ்ட்ரி டீச்சரா நீ?"

"எனக்குக் கால் மரத்துப் போச்சு சார். துளசி அக்காவுக்கும்."

"பொம்பள புள்ளைங்க சரியா சாப்புடுறதில்ல. சத்து இல்ல. அவ்ளோதான் லா." மேசையைத் திறந்து வைட்டமின் மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்தார். அட்டை அட்டையாக வைத்திருக்கிறார், அண்ணே. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதற்கு அத்தனை அட்டை? "இங்க பாரு, நம்மாளுன்னுதான் ஒங்கள உள்ள வெச்சிருக்கேன். ரொம்ப பேசுனா நாளைக்கே ஏஜென்ட் ஒரு பஸ்ஸு ஆளு எறக்கிருவான்."

நம்மாளு. அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்கும்போது உன் போத்தல் ஞாபகம் வந்தது. பயப்படாதே, அறைக்கு வெளியே வந்துவிட்டேன்.

டிரம்மில் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பசைத் தடம் மட்டும் இருந்தது. அதைப் படம் எடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "அன்னம்மாள் குடுத்தத சந்தேகப்படாத" என்றார். "அவங்க குடுக்கலமா, ஃபேக்டரி குடுத்தது" என்றேன். அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்டலிடமும் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்லையே அக்கா. நீங்க வெலகுனா டிரம் வேல எனக்குத்தான்னு நாதன் சார் சொல்லிட்டாரு" என்றாள், சிரித்துக்கொண்டே. மத்தியானச் சிரிப்பு.

நாளை வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

நட்டாலி


ஜொகூர்
7 டிசம்பர் 2025

நட்டாலி,

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எழுதிய பிறகு உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு எதையும் நினைக்க மாட்டேன்.

பரீட்சை எழுதிவிட்டேன். ஒரு கேள்வி: ஹெக்ஸேன் தண்ணீரில் கரைவதில்லை, ஏன்? இரண்டே வரி இடம். தண்ணீர் போலார், ஹெக்ஸேன் போலார் இல்லை என்று எழுதினேன். அது சரியான விடை. முழு மதிப்பெண் கிடைக்கும். அது எங்கே கரையும் என்று யாரும் கேட்கவில்லை. எழுதி முடித்த பிறகும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். "முடிந்ததென்றால் தாளைக் கொடு" என்றார் ஹாஃபிஸ்.

டாக்டர் என்ன சொன்னார்? ஒரு வரி போதும்.

ஜெரமி


சுங்கை பினாங்
28 டிசம்பர் 2025

அண்ணே,

பேனாவை விரலோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுத் தந்திருக்கிறார் அம்மா. அதனால்தான் எழுத்து இவ்வளவு பெரிது. சங்கேதம் என்று சொல்லாமல் இருந்தால் சரி.

டாக்டர் தசையில் ஊசி செருகி, கரன்ட் விட்டுப் பார்த்தார். நரம்பில் கரன்ட் பாதி தூரம் போய்ச் சோர்ந்துவிடுகிறதாம். "எங்கே வேலை?" என்றார். சொன்னேன். "இதே லைனிலிருந்து வேறு யாராவது?" என்றார். துளசி அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு படியேறினோம். தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். அதிகாரி ஃபேக்டரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். அன்றைக்கு எல்லாத் துவாரமும் திறந்திருந்தது, எல்லார் கையிலும் கையுறை. டிரம்மில் புதிதாக ஒரு தாள், ஆல்கஹால் என்று. மறுநாள் அடைத்துவிட்டார்களாம்.

மருந்தை விட்டு விலகி இரண்டு மாதம் ஆகிறது. நின்றுவிடும் என்று நினைத்தேன். இல்லை. முழங்கால் வரை வந்துவிட்டது. விலகிய பிறகும் சில மாதங்கள் கூடிக்கொண்டேதான் போகும் என்கிறார் டாக்டர். பிறகு மெல்ல இறங்கலாம். எவ்வளவு இறங்கும் என்று கேட்டேன். மேசையில் இருந்த தாளைத் திருப்பிப் போட்டார்.

அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஆட்கள்தான் நிறுத்தவில்லை. போன வாரமும் ஒரு பெண் வந்து என் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

நேற்று மாடிப்படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கிறிஸ்டலுடையது. எடுத்துக்கொண்டு போய்த் தரலாம் என்று பார்த்தேன்; படியேற முடியவில்லை. கீழே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள், ஒரு கால் வெறுங்காலாக.

மார்ச்சில் கேட் வாசலில் நிற்பேன் என்று எழுதியிருந்தேன். வருவேன். நிற்பேனா என்று தெரியாது. யாராவது நாற்காலி கொண்டுவர வேண்டியிருக்கும். நீ குனிந்துகொள். அந்த அறை உண்டு. உனக்கு வலிக்கும். எனக்குத்தான் தெரியாது.

நட்டாலி